உங்களுக்குத் தெரியுமா? பழைய காரும் கிடைக்காத சாமானும்

சித்தூர், திருப்பதிப் பக்கம் ஹெரால்டோ ஃபியட்டோ அம்பாசடரோ தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எடுத்துச் சரிசெய்து ஓட்டலாம் என்று கிளம்புகிறவரை முதலில் மடக்கிப்போடுவது, "அதுக்கெல்லாம் சாமான் கிடைக்காதுண்ணே" என்ற ஒரே பேச்சுதான். பாதிக்கு மேல் கிடைக்கும். மீதியைச் செய்துகொள்ளலாம். ஒரு நிபந்தனை: வேலை முடிகிறவரை, கழற்றிய உடைசல் எதுவும் காயலான் கடைக்குப் போகக் கூடாது.

இங்கிலாந்தில் இல்லாத கதவு

ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பின்கதவு இந்தியாவைத் தவிர வேறெங்கும் செய்யப்படவில்லை. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டில் காருக்கு இரண்டே கதவு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியும் 1961இல் அந்த இரண்டு கதவுக் காரைத்தான் செய்யத் தொடங்கியது. தாத்தா பாட்டியோடு போகிற நம் குடும்பங்களுக்கு அது தோதுப்படவில்லை. 1960களின் பிற்பகுதியில் வந்த மார்க் 3இல் நான்கு கதவு வைத்தார்கள்.

ஆகவே இந்தக் காரின் எஞ்சின் சாமானை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். பின்கதவையும் அதன் கண்ணாடியையும் ரப்பரையும் வரவழைக்க முடியாது. கதவின் அடிப்பகுதி துருவேறிப் போயிருந்தால், கெட்ட பகுதியை மட்டும் வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். வெட்டியெடுத்த துருத் தகட்டை டிங்கர் கையிலேயே விடுங்கள். மடிப்பு எங்கே, வளைவு எவ்வளவு என்பதை அதில்தான் அவர் பார்க்க முடியும்.

கிரீஸ் அடித்தால் சக்கரம் மடங்கும்

அதே ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன் என்ற வெண்கலக் கட்டைக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். உள்ளே இருப்பது மரை. சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. கிரீஸ் அந்த மரைக்குள் ஒழுங்காகப் போய்ச் சேராது. மரை காய்ந்து, தண்ணீர் புகுந்து துருவேறினால் ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் உள்ளே மடங்கிவிடும். இடப்பக்கக் கட்டைக்கு இடமரை, வலப்பக்கத்துக்கு வலமரை. வாங்கும்போது ஜோடியாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்தச் சாமானுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்பிட்ஃபயர் போன்ற டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே முன்பகுதிதான். லோட்டஸ் எலான் காரும் இந்த டிரையம்ஃப் தண்டையே எடுத்துக்கொண்டது. அந்தக் கார்களை உலகம் முழுக்கப் போற்றி வளர்க்கிறார்கள். அதனால் நம் ஹெரால்டுக்கும் பிழைப்பு நடக்கிறது.

சென்னையிலிருந்து கப்பலேறிய ஸ்பேர்

ஸ்டாண்டர்ட் 2000 நினைவிருக்கிறதா? 1985 முதல் 1988 வரை மட்டுமே வந்த பெரிய கார். உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. எஞ்சின் பழைய வேன்கார்டு காரின் வழியில் வந்தது. இங்கே அது எடுபடவில்லை. ஆனால் கம்பெனியில் மிச்சமிருந்த சாமான்களை ரிம்மர் பிரதர்ஸ் என்ற ஆங்கிலேய ஸ்பேர் நிறுவனம் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனது. ஆங்கிலேய ரோவர்க்காரர்களுக்குச் சென்னைச் சரக்கு கைகொடுத்தது. இங்கே இருக்கும் ஸ்டாண்டர்ட் 2000க்குத் தகடு வேண்டுமென்றால் இங்கிலாந்தைக் கேட்க வேண்டியிருப்பது இப்படித்தான்.

மோரிஸுக்குள் பிரெஞ்சு மரை

இது என் மனதுக்குப் பிடித்த சேதி. 1940களின் கடைசியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தந்த ஹிந்துஸ்தான் 10, இங்கிலாந்தின் மோரிஸ் டென் காரேதான். அதன் எஞ்சினில் ஒரு போல்ட்டைக் கழற்றினால் தலைக்கு விட்வொர்த் ஸ்பானர் சரியாக உட்காரும். அதே போல்ட்டின் மரை மட்டும் மெட்ரிக்!

காரணம், முதல் உலகப்போர். ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி அப்போது இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஒரு தொழிற்சாலை போட்டது. அதன் இயந்திரங்களெல்லாம் பிரெஞ்சு அளவில் மரை வெட்டுகிறவை. 1923இல் மோரிஸ் கம்பெனியின் அதிபர் அந்தத் தொழிற்சாலையை வாங்கினார். இயந்திரங்களை மாற்றுவது செலவு. ஆங்கிலேய மெக்கானிக்குகளின் ஸ்பானரை மாற்றுவது அதைவிடக் கஷ்டம். ஆகவே மரையை அப்படியே விட்டு, தலையை மட்டும் ஆங்கில அளவில் வைத்துக்கொண்டார்கள்.

இது தெரியாமல் "இங்கிலீஷ் கார்தானே" என்று இங்கிலீஷ் டேப்பை உள்ளே விட்டால் பிளாக்கின் மரை போய்விடும். தெரிந்தால் ஒரு லாபம் உண்டு. எம்ஜி டிசி என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் இதன் வழியில் வந்ததுதான். ஹிந்துஸ்தான் 10க்கென்று தனியாக யாரும் ஸ்பேர் விற்பதில்லை, எம்ஜிக்கு விற்கிறார்கள். எஞ்சினைப் பொறுத்தவரை அந்தக் கதவைத் தட்டலாம்.

மூன்று மரை, மூன்று ஸ்பானர்

விட்வொர்த் மரை 1841இல் வந்தது; கோணம் 55 டிகிரி. யுஎன்எஃப், மெட்ரிக் இரண்டுக்கும் 60 டிகிரி. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், இரண்டு சுற்று உள்ளேயும் போகும், பிறகு கடிக்கும். விட்வொர்த் ஸ்பானரில் போட்டிருக்கும் எண் போல்ட்டின் தடிமன், தலையின் அகலமல்ல. அம்பாசடரில் பெரும்பாலும் யுஎன்எஃப், ஃபியட்டில் மெட்ரிக். இரண்டு காரின் போல்ட்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

இலங்கையில் செய்து இங்கிலாந்தில் விற்ற மோரிஸ் மைனர் சாமான்

பேபி ஹிந்துஸ்தான் என்று நம் ஊரில் ஓடியது மோரிஸ் மைனர். இலங்கையில் இந்தக் கார் வெகுகாலம் தெருவை நிறைத்தது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மோரிஸ் மைனர் சென்டருக்காக இலங்கையிலேயே பட்டறை போட்டுத் தகடுகளையும் சாமான்களையும் செய்து அனுப்பினார்கள். கம்பெனியின் பெயர் டியூரபிள் கார் கம்பெனி. இங்கிலாந்தில் நின்றுபோன தகடுகளை இலங்கைக் கைகள் அடித்துக் கொடுத்தன. தகடு அடிக்கத் தெரிந்த ஒரு பட்டறையும் பார்த்துச் செய்ய ஒரு நல்ல மாதிரியும் இருந்தால், எந்தச் சாமானும் நின்றுபோன சாமான் ஆகாது என்று நான் நம்புவதற்கு இந்தக் கம்பெனி ஒரு காரணம்.

அமெரிக்கக் கார், கனடாச் சாமான்

1926இல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு, அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் நேர்க்கிளை அன்று. கனடா ஃபோர்டின் கிளை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளுக்குள் வரி குறைவு என்பதாலும், ஸ்டியரிங் வலப்பக்கம் வைத்த வண்டிகளைக் கனடாவில் செய்தார்கள் என்பதாலும் இந்த ஏற்பாடு. பெட்டிகளில் வந்ததைப் பம்பாய், கல்கத்தா, சென்னையில் பூட்டி விற்றார்கள். உங்கள் தாத்தாவின் ஃபோர்டுக்கு ஸ்டியரிங் பாக்ஸோ டாஷ்போர்டோ தேவையானால் அமெரிக்கப் பட்டியலில் தேடினால் இடப்பக்கச் சாமான்தான் வரும். கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா பக்கம் தேடுங்கள்.

1953இல் அரசு ஒரு முடிவெடுத்தது. இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டமில்லாத, வெறுமனே பூட்டிக் கொடுக்கிற கம்பெனிகள் கடையைக் கட்டலாம் என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த அமெரிக்கக் கார்களுக்கு ஸ்பேர் வரத்து நின்றது. லேத் பட்டறையில் புஷ்ஷும் பின்னும் கடைந்து வண்டியை ஓட வைக்கும் திறமை நம் மேஸ்திரிகளுக்கு வளர்ந்ததில் இந்த வறட்சிக்கும் பங்கு உண்டு.

சித்தூர் வழியாகப் போன பெங்களூர் ரோடு

இன்று சென்னையிலிருந்து பெங்களூர் போகிறவர்கள் வேலூர், கிருஷ்ணகிரி வழியாக விரைகிறார்கள். பழைய தேசிய நெடுஞ்சாலை 4 ராணிப்பேட்டையில் திரும்பி, சித்தூர், பலமனேர், முல்பாகல், கோலார் என்று போனது. ரேடியேட்டர் கொதித்தாலும் ஸ்பிரிங் பட்டை முறிந்தாலும் அந்த வழியில்தான் நின்றாக வேண்டியிருந்தது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரியும்வரை சித்தூர் மாவட்டமே சென்னை மாகாணத்தில் இருந்தது. இந்த ஊர்ப் பட்டறைகளில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குவதில் வியப்பில்லை.

பாடி என்ற புதையல்

சென்னையின் பாடியில் வீல்ஸ் இந்தியா 1960இலும், லூகாஸ் டிவிஎஸ் 1961இலும், பிரேக்ஸ் இந்தியா 1962இலும் தொடங்கின. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலேயே வந்துவிட்டது. இங்கிலாந்துக் காரில் இருந்த லூகாஸ் டைனமோவும் கர்லிங் பிரேக் சிலிண்டரும் இங்கேயே அதே அளவில் செய்யப்பட்டன. அதனால் வெளிநாட்டுப் பட்டியலில் பல மடங்கு விலை போட்டிருக்கும் சாமானின் தம்பி, ஏதோ ஒரு பழைய ஸ்பேர் கடையின் மேல்தட்டில் தூசியோடு கிடக்கும். சென்னைப் புதுப்பேட்டையில் தேடுவதற்கு முன்னால் சித்தூரிலும் வேலூரிலும் மூடப்போகிற பழைய ஆட்டோமொபைல் கடைகளைக் கேளுங்கள். கணக்கில் விழாத சரக்கு அங்கேதான் தேங்கும்.

ஒரிஜினலா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பொய்யா மெய்யா என்று சத்தியம் செய்ய சித்தூர்ப் பக்கத்தில் காணிப்பாக்கம் விநாயகர் இருக்கிறார். லூகாஸ் சாமானுக்கு அதன் உடம்பிலேயே சான்று இருக்கிறது. டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் இரண்டிலும் பார்ட் நம்பருக்குப் பக்கத்தில் மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள். "10 62" என்றால் 1962 அக்டோபர். உங்கள் காரின் பிறந்த தேதிக்குச் சில மாதம் முந்தைய எண் இருந்தால் அது கம்பெனியில் பூட்டியதாக இருக்கலாம். பத்து வருடம் பிந்தியிருந்தால் யாரோ மாற்றியது.

பிஸ்டனுக்கு மூன்று அளவு

எஞ்சினை ரீபோர் செய்ய வேண்டும், ஓவர்சைஸ் பிஸ்டன் சந்தையில் இல்லை. பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். வேறு ஏதாவது ஒரு வண்டியின் பிஸ்டன் பொருந்தக்கூடும். அதற்குப் பார்க்க வேண்டியவை மூன்று: பிஸ்டனின் விட்டம், பின்னின் தடிமன், பின்னின் நடுவிலிருந்து பிஸ்டன் தலைவரை உள்ள உயரம். முதல் இரண்டைச் சரிக்கட்டலாம். போரைக் கூட்டலாம், ராடின் சிறு முனைக்கு வேறு புஷ் கடைந்து போடலாம். மூன்றாவது பிசகினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், இல்லாவிட்டால் கம்ப்ரஷன் விழும்.

இங்கிலீஷ் எஞ்சின்களில் ஓவர்சைஸ் கணக்கு 20, 30, 40, 60 தவ் என்று ஏறும். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மில்லிமீட்டரில் 0.0254. அறுபதையும் தாண்டிய பிளாக்கைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடலாம். எஞ்சின் நம்பர் அந்த பிளாக்கில்தான் இருக்கிறது.

போருக்கு அனுப்பும் முன் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும். போர் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடக் கூடாது.

வார்ப்பு சுருங்கும்

உடைந்த தண்ணீர்ப் பம்பு மூடியையே மாதிரியாக மணலில் அழுத்தி வார்த்தால், வருவது சின்னதாக இருக்கும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதுதான் காரணம். வார்ப்பிரும்பு சுமார் நூற்றுக்கு ஒன்று, அலுமினியம் 1.3, பித்தளை 1.5. இருபது சென்டிமீட்டர் அலுமினிய மூடியில் இரண்டரை மில்லிமீட்டர் போய்விட்டால் போல்ட் ஓட்டை எதுவும் நேர்ப்படாது. அதனால்தான் பேட்டர்ன் செய்கிறவர்களிடம் வழக்கமான ஸ்கேலோடு, சுருக்கத்தைச் சேர்த்தே கோடு போட்ட வேறொரு ஸ்கேலும் இருக்கும். வார்ப்புக் கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "சுருக்கம் விட்டுத்தானே பேட்டர்ன் போடுறீங்க?" என்பது. கூலியை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பானெட் முனையில் நிற்கும் சின்னம், எழுத்து பேட்ஜ் போன்றவற்றுக்கு மணல் வார்ப்பு சரிப்படாது. நுணுக்கம் விழாது. சுவாமிமலையில் சிலை வார்ப்பதுபோல மெழுகில் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றும் முறைதான் அதற்கு ஏற்றது.

செம்பு கேஸ்கெட்

ஹெட் கேஸ்கெட் கிடைக்கவில்லையா? செம்புத் தகட்டில் வெட்டிக்கொள்ளலாம். போடும் முன் சிவக்கும்வரை காய்ச்ச வேண்டும். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும். செம்பு தண்ணீரில் போட்டாலும் இளகியே இருக்கும்.

பளபளப்பது குரோமியம் அல்ல

பம்பரின் மேலே இருக்கும் குரோமியப் பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது. கீழே இருக்கும் நிக்கலும், அதற்கும் கீழே செம்பும்தான் பளபளப்புக்கும் உழைப்புக்கும் பொறுப்பு. செலவைக் குறைக்கிறேன் என்று செம்பைத் தவிர்க்கிற பிளேட்டிங் கடையில் கொடுத்தால் ஒரே மழைக்காலத்தில் புள்ளி விழும். கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம் போன்றவை பல கார்களில் துத்தநாக வார்ப்பு. அவற்றைப் பம்பரோடு சேர்த்து ஒரே அமிலத் தொட்டியில் போட்டால் கைப்பிடியே கரைந்துபோகும். எது இரும்பு, எது துத்தநாகம் என்று காந்தம் வைத்துப் பார்த்து, இரண்டு பையில் போட்டுக் கொடுங்கள்.

திருப்பதி வெயிலில் உருகும் கைப்பிடி

ஜன்னல் கைப்பிடி, ரேடியோ குமிழ் எல்லாம் இப்போது 3டி பிரிண்டரில் அச்சாகிறது. அருமையான வசதி. ஆனால் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். மே மாதத் திருப்பதியில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போர்டு அதைத் தாண்டிச் சுடும். ஏபிஎஸ் கேளுங்கள், அது 100 டிகிரியைத் தாங்கும். பிஎல்ஏவில் ஒன்று அச்செடுத்து அளவு பொருந்துகிறதா என்று பார்ப்பது சிக்கனம்.

ஆறு வோல்ட்

பழைய கார்கள் பலவற்றில் ஆறு வோல்ட் பேட்டரி. லெட் ஆசிட் செல் ஒன்றுக்கு இரண்டு வோல்ட், ஆகவே மூன்று செல். திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில் 1985இல் பிறந்த அமர ராஜா, பேட்டரிக்காக நாடறிந்த பெயர். ஆனால் இன்றைய கார்களுக்கான பேட்டரி எல்லாம் பன்னிரண்டு வோல்ட். பழைய கறுப்பு ரப்பர் பெட்டி உங்களிடம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். கழுவி, உள்ளே சிறிய புது பேட்டரிகளை மறைத்து வைத்தால் பானெட்டைத் திறக்கிறவருக்கு 1940களின் காட்சியே தெரியும். இங்கிலீஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த். பழக்கதோஷத்தில் நெகட்டிவைப் பூட்டிவிடாதீர்கள்.

ஒயரின் நிறம் பேசும்

லூகாஸ் ஒயரிங்கில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டதும் உயிர்பெறுவது. பச்சை, சாவிக்குப் பின் ஃப்யூஸ் வழியாக வருவது. நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட், கறுப்பு எர்த். பழைய ஒயர்க் கட்டைக் கழற்றும்போது அறுக்காமல் முழுசாக எடுத்துப் பலகையில் ஆணியடித்துப் பரப்பினால், எலக்ட்ரீஷியன் அதே நீளத்தில் புதுசு கட்டிவிடுவார். அறுத்துவிட்டால் எது எங்கே போகிறது என்று தேடியே பல நாள் போகும்.

மீட்டர் முகத்தில் ஒரு சின்ன எண்

ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டர்கள் பலவற்றின் முகப்பில் கீழே பொடி எழுத்தில் ஒரு நான்கிலக்க எண் இருக்கும். ஒரு மைலுக்கு கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே அது. வேறு காரின் மீட்டரைப் பார்க்க அழகாக இருக்கிறதென்று மாட்டினால், அந்த எண் மாறியிருந்தால் வேகம் பொய்யாகக் காட்டும். மெட்ரிக் முறை 1956 சட்டத்துக்குப் பிறகு படிப்படியாகத்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்களில் மைல் மீட்டரே முறை. அதைக் கிலோமீட்டராக மாற்றாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

தோல் பக்கத்திலேயே இருக்கிறது

சீட்டுக்குத் தோல் வேண்டுமென்றால் சித்தூருக்கு ராணிப்பேட்டை பக்கம். ஆம்பூரும் வாணியம்பாடியும் அடுத்து. செருப்புக்கும் பைக்கும் பதப்படுத்திய தோலை வாங்கிவிடாதீர்கள். சீட்டுக்குப் பெரிய ஒரே துண்டாக, வெயிலுக்கு நிறம் போகாத மேல்பூச்சோடு கேளுங்கள்.

மர வேலைக்கு ஒரு எச்சரிக்கை. சேஷாசல மலை செம்மரத்தில் டாஷ்போர்டு செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். உரிய அனுமதி இல்லாத செம்மரத்தைக் கையில் வைத்திருந்தாலே குற்றம். பழைய பாடிகளின் மரச்சட்டத்துக்கு இங்கிலாந்தில் ஆஷ் மரம். நம் ஊரில் தேக்கு நன்றாகவே உழைக்கும்.

கான்டெசாவும் அம்பாசடரும் சகோதரர்கள்

1990களின் 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் இரண்டிலும் உண்டு. ஒன்றுக்குக் கிடைக்காதது இன்னொன்றின் பெயரில் கிடைக்கும். சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசு ஆலை ஓடுகிறது. ஆனால் அங்கே வருவது இன்றைய பிக்கப் வண்டிகள், இந்தப் பழைய எஞ்சின் அல்ல.

பெட்ரோல் மாறிவிட்டது

2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல். பழைய எஞ்சின்களில் வால்வு சீட்டைக் காத்தது அந்த ஈயம்தான். ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே கெட்டியான வால்வு சீட் வளையம் போட்டுவிடுங்கள்.

2025இல் எங்கு பார்த்தாலும் இருபது சதவீத எத்தனால் பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை ஊறவைத்து வெடிக்கச் செய்யும். டேங்கின் பழைய கசடைக் கரைத்து கார்புரேட்டருக்கு அனுப்பும். ஈரத்தை இழுத்து வைத்து துத்தநாக கார்புரேட்டரை அரிக்கும். பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் மூன்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுவது இப்போது அவசியம். வெளியே தெரியாத மாற்றம். காரின் பழமைக்கு எந்தக் குறையும் வராது. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலை விடாதீர்கள்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய கார், பைக்குகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின் "விஏ" என்ற எழுத்துகள் வரும். புதுப்பதிவுக்கு ரூ.20,000, பத்தாண்டுக்கு, புதுப்பிக்க ரூ.5,000. அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் விடக் கூடாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு எடுக்கலாம். வாங்கி விற்றால் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். 1974இல் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட்டுகளே இப்போது ஐம்பதைத் தொட்டுவிட்டன.

இதில் ஒரு கொக்கி உண்டு. சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. ஹெரால்டில் மாருதி எஞ்சினை உட்கார வைத்தால் ஓட்ட சுகமாக இருக்கலாம். விண்டேஜ் பதிவு நழுவிவிடும். சாதாரணப் பதிவிலும், கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நிறம் மாற்றுவதென்றாலும் ஆர்சி புத்தகத்தில் ஏற வேண்டும். மாற்றுவதானால் திரும்பக் கழற்றக்கூடியதாக மாற்றுங்கள்: டைனமோ இடத்தில் ஆல்டர்னேட்டர், நல்ல ஹாரன், சீட் பெல்ட். கழற்றிய டைனமோவைத் துணியில் சுற்றிப் பெயர் எழுதி வையுங்கள்.

மலை ஏறும் முன்

திருமலைக்கு முதல் காட் ரோடு 1944இல் திறந்தது. 36 கொண்டை ஊசி வளைவு கொண்ட அந்தப் பழைய பாதையில்தான் இன்று வண்டிகள் இறங்குகின்றன. ஏறுவதற்கு 1970களில் வந்த இரண்டாம் பாதை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள காருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை. டிரம் சுட்டால் விரியும், லைனிங் பிடி விடும், பெடல் கீழே போகும்.

மாஸ்டர் சிலிண்டர் உள்ளே குழி விழுந்திருந்தால் மாற்றுச் சிலிண்டர் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய உடம்பையே கடைந்து, உள்ளே பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். ரப்பர் வாஷரை மட்டும் புதுசாகப் போடுங்கள்; பிரேக் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் தப்பித்தவறி எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு போனாலும் அந்த ரப்பர் ஊதிப் பிரேக் இறுகிவிடும்.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மலையடிவாரத்து அலிபிரி வந்ததும் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் மிகவும் சுட்டால் அந்தச் சக்கரத்து சிலிண்டர் திரும்பாமல் சிக்கியிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே பிரேக்கே பிடிக்கவில்லை. அடுத்த பயணத்துக்கு முன் கழற்ற வேண்டியது அந்தச் சக்கரத்தைத்தான்.